கொட்டகைக்கு நாமே இழுத்த லைன்: எந்தக் கோளாறுக்கு எங்கே தேடுவது

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. விறகு, மண்வெட்டி, ஓடாத சைக்கிள், ஓரமாக ஒரு மோட்டார். ஒரு லைட்டும் ஒரு பிளக்கும் இருந்தால் போதும் என்று ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை பிளக்கிலிருந்து வயரை இழுத்திருப்போம். அன்றைக்கு எரியும். முதல் மழைக்குத்தான் வேலையின் லட்சணம் தெரியும்.

நானும் அப்படி இழுத்தவன்தான். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் ஏழெட்டுக் கொட்டகைகளின் போர்டுகளைத் திறந்து பார்த்துவிட்டேன். கரண்ட் வரும் ஃபேஸ் வயரை எல்லோரும் பயந்து பயந்து ஒழுங்காகத்தான் இணைத்திருக்கிறார்கள். கரண்ட் திரும்பிப் போகும் கறுப்பு நியூட்ரலையும், கசியும் கரண்ட்டை மண்ணுக்கு இறக்கும் பச்சை எர்த்தையும்தான் “அதுல என்ன இருக்கு” என்று விட்டிருக்கிறார்கள். கீழே வரும் தொந்தரவுகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வயரில்தான் போய் முடியும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற வேலை தவிர மற்ற வயரிங்கை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 45ஆம் விதியே சொன்னது. யார் கேட்டோம்? ஆனாலும் கோளாறு இன்ன இடத்தில் என்று தெரிந்தால், வருகிற எலக்ட்ரீஷியனிடம் சரியாகச் சொல்லி வேலை வாங்கலாம். அதற்குத்தான் இது.

தொடுவதற்கு முன்

மெயினை ஆஃப் செய்யுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயின் விழுந்த அடுத்த நொடி அது எழுந்துகொள்ளும். கொட்டகை லைனை நீங்கள் இழுத்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால், மெயின் ஆஃப் என்று நம்பிக் கை வைப்பவருக்கு அதே 230 வோல்ட் அடிக்கும். இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, அதன் அவுட்புட் பிளக்கையும் பிடுங்குங்கள். வீட்டில் யாராவது “ஏன் கரண்ட் போச்சு” என்று சுவிட்சைத் தூக்கிவிடாமல் இருக்க, அங்கே ஒரு ஆளை நிறுத்துங்கள்.

சட்டைப்பையில் குத்தி வைக்கும் டெஸ்டரை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். அந்தக் குட்டி நியான் விளக்கு எரிய மிக மிகச் சிறிய கரண்ட் போதும். பக்கத்தில் ஓடும் வயரிலிருந்து தூண்டலாக வருவதற்கே எரியும். டிஜிட்டல் மீட்டரும் இதே மாதிரி சும்மா கிடக்கும் வயரில் 70, 90 வோல்ட் என்று காட்டும். எனக்குக் கை கொடுப்பது பழைய டெஸ்ட் லாம்ப்தான்: ஒரு ஹோல்டர், 60 வாட் குண்டு பல்பு, நல்ல இன்சுலேஷன் உள்ள இரண்டு வயர். அது எரிந்தால் உண்மையிலேயே கரண்ட் இருக்கிறது. எல்இடி பல்பு போட்டால் இதற்கு உதவாது.

லைவில் வைத்து முனைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆஃப் செய்து இணையுங்கள், தள்ளி வந்து ஆன் செய்யுங்கள், பாருங்கள், மறுபடி ஆஃப் செய்யுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

“தகரத்தைத் தொட்டா சுர்ருனு இழுக்குது”

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். சும்மா சுர்ரென்றுதானே, செருப்புப் போட்டுக்கொண்டால் தெரிவதில்லை என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டுக்கு உள்ளே பாய்வது 230 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் சிறு பங்கே போதும். காய்ந்த நாளில் செருப்போடு சுர்ரென்ற அதே தகரம், மழை நாளில் வெறுங்காலோடு நிற்பவரை விடாது.

லைனை அணைத்துவிட்டு, வயர் தகரத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்தையும் பாருங்கள். தகரத்தின் வெட்டு விளிம்பு கத்தி மாதிரி. காற்றில் கூரை ஆட ஆட, பைப் இல்லாமல் ஓட்டைக்குள் விட்ட வயரின் தோலை ஒரு வருடத்தில் அறுத்துவிடும். கூரையில் அடித்த ஆணியோ ஜே போல்ட்டோ வயரைக் குத்தியிருக்கலாம். வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கட்டிய ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) மேல் வயர் படர்ந்து போனால் அந்தக் கம்பியையும் சந்தேகப்படுங்கள். அதே கம்பியில் துணி காயப்போடுகிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். நம் ஊரில் ஈரத்துணியோடு கம்பியில் கை வைத்துப் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

தோல் உரிந்த இடம் கிடைத்து, அந்தத் துண்டை மாற்றியாகிவிட்டது. ஆனால் கேள்வி அதுவல்ல. ஃபேஸ் தகரத்தில் பட்டபோது ஏன் எதுவும் டிரிப் ஆகவில்லை, அதாவது தானாக விழுந்து கரண்ட்டை நிறுத்தவில்லை?

பெரும்பாலும் பதில், எர்த் வயரே கொட்டகைக்குப் போகவில்லை என்பதுதான். இரண்டு வயர் போதும் என்று இழுத்திருப்போம். மூன்று ஓட்டை பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மேல் ஓட்டையின் திருகு காலியாக இருக்கும். அதைவிட மோசம், நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு துண்டு வயர் போட்டிருப்பது. “எல்லாம் பூமிக்குத்தானே போகுது” என்று சொல்லி அதைப் போடுவார்கள். நியூட்ரல் எங்காவது வழியில் அறுந்தால், ஓடுகிற மோட்டாரின் உள்சுற்று வழியாக ஃபேஸ் வந்து அந்தத் துண்டு வயரில் ஏறி, மோட்டார் பாடியில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். அந்தத் துண்டைக் கண்டால் அங்கேயே வெட்டி எடுங்கள்.

சிலர் கொட்டகையோரம் ஒரு முழக் கம்பியை அடித்து, “எர்த் போட்டுட்டேன்” என்பார்கள். காய்ந்த மண்ணில் அந்தக் கம்பியின் தடை 50 ஓம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்ப்ஸ் எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சுக்கு) இது ஒரு பல் குத்தும் குச்சி, அசையாது. பாடி லைவாகவே கிடக்கும். தடையை 10 ஓமுக்குக் குறைத்தாலும் 23 ஆம்பியர்தான். எம்சிபி விழப் பல நிமிடங்கள் ஆகலாம். அதனால்தான் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச்) இல்லாத கொட்டகை லைனை நான் லைன் என்றே ஒப்புக்கொள்வதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் எர்த்துக்குச் சொல்லும் ஜிஐ பைப் இரண்டரை மீட்டர் நீளம். நாம் அடிக்கும் முழக் கம்பியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டு எர்த்திலிருந்து பச்சை வயரைக் கொட்டகைக்கும், அங்கிருந்து தகரத்துக்கும் மோட்டார் பாடிக்கும் கொண்டு போவதுதான் முதல் வேலை.

“எதுவுமே எரியல, ஆனா டெஸ்டர் எல்லா இடத்துலயும் எரியுது”

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். பிளக்கின் இடது ஓட்டையில் குத்தினாலும் எரிகிறது, வலது ஓட்டையில் குத்தினாலும் எரிகிறது. “டபுள் ஃபேஸ் வந்துருச்சு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஒரே ஃபேஸ் உள்ள வீட்டில் இன்னொரு ஃபேஸ் எங்கிருந்து வரும்?

நியூட்ரல் அறுந்திருக்கிறது. சுவிட்ச் போட்ட நிலையில் இருக்கும் பல்பு வழியாக ஃபேஸ் கடந்து போய், திரும்பிப் போக வழியில்லாத கறுப்பு வயரில் வந்து நிற்கிறது. பல்பைக் கழற்றி, பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி குத்திப் பாருங்கள். ஓர் ஓட்டையில் அணைந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

இந்த நேரத்தில் கறுப்பு வயர் நியூட்ரல்தானே என்று கையால் பிடித்தவர் கதை முடிந்தது. அறுந்த நியூட்ரலும் ஃபேஸும் ஒன்றுதான்.

அறுந்த இடத்தைத் தேடக் கொட்டகையிலிருந்து வீடு வரை ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸாகத் திறக்க வேண்டாம். நடுவில் உள்ள பாக்ஸைத் திறங்கள். அங்கே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப். எரிந்தால் வீடு வரை சுத்தம், கோளாறு கொட்டகைப் பக்கம். எரியாவிட்டால் வீட்டுப் பக்கம். அந்தப் பாதியில் மறுபடி நடுவைப் பாருங்கள். மூன்று தடவைக்குள் வயரின் ஒரு சின்னத் துண்டுக்கு வந்துவிடலாம்.

பெரும்பாலும் வயர் நடுவில் அறுந்திருக்காது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்தான் விட்டிருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பழைய அலுமினிய சர்வீஸ் வயரோடு புது செம்பு வயரை முறுக்கியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது உள்ளே வெள்ளைப் பொடி. அலுமினியமும் செம்பும் நேரடியாகச் சேர்ந்த இடத்தில் ஈரம் பட்டால் அரித்துத் தின்றுவிடும். அதற்கென்று உள்ள கனெக்டர் போடாமல் அந்த இரண்டையும் சேர்க்கக் கூடாது. இன்னும் நல்லது, பழைய அலுமினிய வயரைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவது.

“ஆர்சிசிபி விழுந்துகிட்டே இருக்கு”

விழுகிறதே என்று அதை பைபாஸ் செய்துவிடுகிறவர்கள் உண்டு. நாய் குரைக்கிறது என்று நாயை அடித்து விரட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குவது மாதிரி. அது எப்போது விழுகிறது என்று கவனித்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

லைட் போட்டால் விழுகிறது, அணைத்தால் நிற்கிறது. இது ஒரே அடையாளத்தில் பிடிபடும் கோளாறு. ஃபேஸை ஒரு பாயிண்டிலிருந்தும், நியூட்ரலை வசதிக்காக வேறு லைனிலிருந்தும் எடுத்திருப்பீர்கள். ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றே ஒன்று: ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் தன் வழியாகவே திரும்புகிறதா? திரும்பும் கரண்ட் வேறு வழியில் போனால் அது காணாமல் போன கணக்குதான். 9 வாட் எல்இடி பல்பு 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும், அதுவே போதும் விழுவதற்கு. ஆனால் சுவிட்சில் உள்ள சிவப்பு இண்டிகேட்டருக்கு ஓரிரு மில்லி ஆம்பியர்தான், அதற்கு விழாது. ‘இண்டிகேட்டர் எரிகிறது, லைட் போட்டால் விழுகிறது’ என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். ஃபேஸ் எந்த ஆர்சிசிபியிலிருந்து புறப்படுகிறதோ, நியூட்ரலும் அதே ஆர்சிசிபியின் வெளி முனைக்கே போய்ச் சேர வேண்டும்.

கொட்டகையில் எல்லாம் ஆஃப், ஆனாலும் விழுகிறது. அதுவும் வீட்டில் கிரைண்டர் ஓடும்போது. இதில் எலக்ட்ரீஷியன்களே தடுமாறிப் பார்த்திருக்கிறேன். கொட்டகையில் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டின் நியூட்ரல் கரண்ட்டில் ஒரு பங்கு அந்த வழியாக மண்ணுக்கு ஓடுகிறது. சாதாரண சுவிட்சும் ஒற்றை எம்சிபியும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். ஆகவே அதை அணைத்துப் பார்ப்பதில் பயனில்லை. மெயினை அணைத்துவிட்டு, வீட்டு முனையில் கொட்டகைக்குப் போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றுங்கள். பிறகு வீட்டை ஆன் செய்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி கொட்டகைதான். அந்தக் கழற்றிய நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் ஓம் பாருங்கள். நான் மேலே வெட்டி எடுக்கச் சொன்ன துண்டு வயர் இருந்தால் இங்கேயும் அகப்படும். கொட்டகை லைனுக்கு ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் எம்சிபி போட்டுவிட்டால் அடுத்த முறை கழற்றும் வேலை மிச்சம்.

மழை பெய்தால் விழுகிறது, வெயில் அடித்தால் சரியாகிறது. மண்ணுக்குள் புதைத்த ஜாயிண்ட். பிவிசி டேப்பைப் பத்துச் சுற்று சுற்றினாலும் அது தண்ணீருக்குத் தடுப்பு அல்ல. பைப்புக்குள் விட்டேனே என்பீர்கள். பைப் நிறைய தண்ணீர்தான் நிற்கும். 30 மில்லி ஆம்பியர் கசிய ஃபேஸுக்கும் மண்ணுக்கும் இடையே தடை ஏழாயிரத்துச் சொச்சம் ஓமுக்கு இறங்கினால் போதும், நனைந்த ஜாயிண்ட் அதைச் சுலபமாகச் செய்யும். நல்ல வயரிங்கில் இது பத்து லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓமுக்குக் குறையவே கூடாது. எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) இருந்தால் மழை விட்ட உடனே அளக்கச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு அளந்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும். தீர்வு ஒன்றுதான்: நடுவில் ஜாயிண்ட் இல்லாத ஒரே நீளமான ஆர்மர்டு கேபிள் (உள்ளே இரும்புக் கவசம் சுற்றிய கேபிள்), முக்கால் மீட்டர் ஆழத்தில், மேலே செங்கல் பரப்பி. செலவு பிடிக்கும். இல்லையென்றால் இன்சுலேட்டர் வைத்து உயரமாக மேலே கொண்டு போங்கள், தென்னை மட்டை விழாத பக்கமாக.

எம்சிபி விழுந்தால்

இது சுலபம். தூக்கிய மறு நொடி விழுந்தால் ஷார்ட். பத்து நிமிடம், கால் மணி ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோடு. முதலாவதற்கு எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள், நின்றால் சாமானில் ஷார்ட், நிற்காவிட்டால் வயரில். இரண்டாவதற்கு நம்மவர்கள் செய்வது 16ஐக் கழற்றிவிட்டு 32 ஆம்ப்ஸ் போடுவது. 1 ஸ்கொயர் எம்எம் வயருக்கு 32 ஆம்ப்ஸ் எம்சிபி போட்டால் இனி விழப்போவது எம்சிபி அல்ல, எரியப்போவது வயர். கீழே விறகு வேறு அடுக்கி வைத்திருக்கிறோம்.

“மோட்டார் உறுமுது, சுத்தல”

அணைத்துவிடுங்கள். சில விநாடிக்கு மேல் உறும விட்டால் உள்ளே சுற்றியிருக்கும் காயில் (கம்பிச்சுருள்) எரிந்துவிடும்.

கரண்ட்டைத் துண்டித்துவிட்டு, பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கோடை முழுக்க ஓடாமல் கிடந்த மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருப்பது) துருவால் இறுகியிருக்கும். இளகி வந்தால் வேலை முடிந்தது. கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்றுகிறது என்றால், மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர்தான் சந்தேகம். வயிறு உப்பியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் அதே மைக்ரோ ஃபாரட் அளவில் மாற்றுங்கள். கழற்றும் முன் அதன் இரு முனையிலும் டெஸ்ட் லாம்ப்பின் வயர்களைத் தொட்டு, மிச்ச சார்ஜை இறக்கிவிடுங்கள்.

இரண்டும் சரி, மோட்டாரை வீட்டு வாசல் பிளக்கில் போட்டால் ஓடுகிறது, கொட்டகையில் மட்டும் ஓடவில்லையா? அப்படியானால் வயர் ஒல்லி. 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயருக்கு மீட்டருக்கு 0.018 ஓம் தடை. கொட்டகை 30 மீட்டர் தள்ளி இருந்தால் போக 30, வர 30, ஆக 60 மீட்டருக்கு 1.08 ஓம். 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர், அதில் ஏழெட்டு வோல்ட்தான் குறையும், தெரியவே தெரியாது. ஆனால் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 40 ஆம்பியர் என்று வைத்தால் 43 வோல்ட் வயரிலேயே போய்விடும். மாலையில் ஊரே லோ வோல்டேஜில் இருக்கும்போது வீட்டுக்கு வருவதே 210. கொட்டகைக்கு 167. எப்படிக் கிளம்பும்? அதே தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 18 வோல்ட்டுக்கு இறங்கும், 4 போட்டால் 11. லைட்டுக்கு என்று போட்ட வயரில் மோட்டாரை ஓட்டுவதுதான் இங்கே தப்பு. கெப்பாசிட்டர் மேல் கெப்பாசிட்டராக மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம்.

பிளக் சூடாகுது, நாற்றம் வருது

கருகிய மீன் மாதிரி ஒரு வாடை. பிளக்கைத் தொட்டால் சுடும், ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம். 6 ஆம்ப்ஸ் சின்ன பிளக்கில் மோட்டாரையோ ஹீட்டரையோ போட்டிருப்பீர்கள், அல்லது திருகு தளர்ந்திருக்கும். மல்டி ஸ்டிராண்ட் வயரின் நரம்புகளில் பாதியை வெளியே விட்டு மீதியை மட்டும் திருகில் பிடித்திருந்தாலும் இப்படித்தான். பழுத்துப்போன பிளக்கைத் திருகி இறுக்கிப் பயனில்லை. உள்ளிருக்கும் பித்தளை இதழ் சூட்டில் விரைப்பு இழந்திருக்கும். மாற்றிவிடுங்கள், வயரின் கருகிய முனையையும் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டுங்கள்.

அணைத்த பிறகும் பல்பு மினுக்குகிறது

எல்இடி பல்பு சுவிட்ச் ஆஃபில் மங்கலாக மின்னினால், சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருக்கலாம். பல்பு அணைந்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும், பல்பு மாற்றும்போது அடிக்கும். ஃபேஸ் வயர் சுவிட்ச் வழியாகப் போகும்படி மாற்றிப் போடுங்கள். ஃபேஸ் சரியாகத்தான் இருக்கிறது, சுவிட்சில் இண்டிகேட்டர் உள்ளது என்றால் அதன் வழியாக வரும் கசிவுதான், பயமில்லை.

சுவிட்சே வேலை செய்யாவிட்டால் திறந்து பாருங்கள். கொட்டகை சுவிட்சுக்குள் எறும்பு கூடு கட்டும், பல்லி நுழைந்து கருகிக் கிடக்கும், குளவி பிளக் ஓட்டையை மண்ணால் அடைத்திருக்கும். போர்டில் வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்தாலே இது பாதி குறையும்.

கொட்டகை லைட் மட்டுமல்ல, வீட்டு லைட்டும் சேர்ந்து சில இடத்தில் கண்ணைக் கூசும்படி, சில இடத்தில் மங்கலாக எரிந்தால் அது உங்கள் கைவேலை இல்லை. மூன்று ஃபேஸ் சர்வீஸில் மெயின் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

சரி செய்த பிறகு

ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டனுக்கு ஆர்சிசிபி விழும். பட்டன் சோதிப்பது கருவியை மட்டும்தான். மாதம் ஒரு முறை அழுத்துங்கள், அது வேறு கணக்கு.

எர்த்தைப் பார்க்க, லைனை அணைத்துவிட்டு டெஸ்ட் லாம்ப்பின் ஒரு வயரைக் கொட்டகை பிளக்கின் ஃபேஸிலும் மற்றதை எர்த்திலும் இணையுங்கள். மோட்டார் பக்கமும் தகரத்தின் பக்கமும், வீட்டில் கிரைண்டர், வாஷிங் மெஷின் பக்கமும் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். பல்பு எரிய நேரம் கொடுக்காமல் ஆர்சிசிபி விழ வேண்டும். விழாமல் பல்பு பளிச்சென்று எரிந்தால், நான் வெட்டி எடுக்கச் சொன்ன துண்டு வயர் எங்கும் இல்லையென்றால், எர்த் இருக்கிறது, ஆனால் ஆர்சிசிபி கெட்டுவிட்டது அல்லது இந்த லைன் அதன் வழியாக வரவில்லை. மங்கலாக எரிந்தால் அதோடு எர்த்தும் மோசம். எதுவுமே நடக்கவில்லை என்றால், முதலில் அதே லாம்ப்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே போட்டு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால், பச்சை வயர் எங்கோ நின்றுபோயிருக்கிறது. மறுபடி நடு பாக்ஸிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.